இரவல் பரண்

அழிங்கம்மா, தாராளமா அழிங்க. போன்ல இடம் இல்லன்னா அழிச்சுத்தான் ஆகணும். என்னைப் பாத்து எதுக்குக் கூச்சப்படுதிய? நான் சும்மா எட்டிப் பாத்தேன். ரயில் ஜன்னல் பக்கம் ஒரே வெயில், வெளிய உப்பளத்தை விட்டாப் பாக்க ஒண்ணும் இல்ல.

நானும் இந்த வேலைதான் பாத்தேன். இடம் இல்லன்னா அழிக்கிறது. காலேஜ்ல சர்வர் ரூம் என் பொறுப்பு. சண்முகவடிவுன்னு பேரு, எல்லாரும் வடிவு மேடம்பாவ. எங்க காலேஜ் நிர்வாகத்துக்கே மதுரையில இன்னொரு காலேஜ் உண்டு. இப்ப என்னை அங்க போட்டிருக்கு. தண்டனையா மாத்திட்டாவன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நானா எழுதிக் கேட்டு வாங்கினது.

நீங்க கேக்கவே இல்ல, ஆனாலும் சொல்லுதேன். மதுரை வரைக்கும் பேசாம வந்தா எனக்குத் தலை வலிக்கும். பேசாம இருந்தா காதுக்குள்ள வேற சத்தம் கேக்குது. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, காது நல்லாத்தான் இருக்காம்.

எங்க காலேஜ்ல தயாபரன் சார்னு ஒருத்தர் இருந்தாரு. தொண்டையில கேன்சர் வந்து குரல்வளையை எடுத்திருதாங்கல்லா, அவங்களுக்காக ஒரு காரியம் செஞ்சாரு. ஆபரேஷனுக்கு முன்னாலயே அவங்களை வரவழைச்சு, என்னென்ன பேச வேண்டி வருமோ எல்லாத்தையும் அவங்க குரல்லயே பதிஞ்சு வச்சிருவாரு. பிறகு போன்ல பொத்தானை அமுக்கினா அவங்க குரலே பேசும். நல்ல மனுஷன். கத்திரிக்கா சேராது. புளியோதரைன்னா உயிரு. வெள்ளிக்கிழமைன்னா நான் கொண்டு போவேன். "வடிவு இல்லன்னா இந்த லேபே இல்ல"ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுவாரு. நானா சொல்லல, அவர் சொன்னது.

அவர்கிட்ட வந்தவருதான் கஸ்பார் அண்ணாச்சி. சங்குமுனையில மீன் ஏலம் கூறுதவரு. சம்சாரம் பேரு சலேத். குரல் இருக்கே, அது தொண்டையில இருந்து வரலம்மா, அடிவயித்துல இருந்து வருது. அப்பவே கேன்சர் கரகரப்பு வந்துட்டு, அப்படியும் அவ்வளவு சத்தம். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் போதும்பாரு சாரு. அண்ணாச்சி வாயைத் திறந்ததும் மெஷின்ல எல்லாம் சிகப்பாப் போயிட்டு. கடைசியில மைக்கைக் கொண்டு போய் கதவு ஓரத்துல வச்சோம்.

முதல்ல ஏலப் பேச்சு. மீன் பேரு, எண்ணு, விலை. அதெல்லாம் மளமளன்னு முடிஞ்சுது. அடுத்தது வீட்டுப் பேச்சு. அதுக்கு மட்டும் சலேத்தை வெளிய பெஞ்சுல உக்காரச் சொல்லிட்டாரு. வெக்கம். "சலேத்து, தண்ணி கொடு. சலேத்து, கதவைத் தாப்பாப் போட்டியா. சலேத்து, சாப்பிட்டியா." அப்புறம் வெறும் பேரு மட்டும். கோவமா ஒண்ணு, தூரத்துல நிக்கிறவளைக் கூப்பிடுத மாதிரி ஒண்ணு, தூங்குறவளை எழுப்புத மாதிரி ஒண்ணு. சார் சிரிச்சுட்டாரு. "ஒண்ணு போதும் அண்ணாச்சி."

"ஒண்ணை வச்சுக்கிட்டு எப்படி சார் குடும்பம் நடத்த?"ன்னாரு அவரு.

அப்புறம் சார் டீ சொல்லிட்டு வாரேன்னு வெளிய போயிட்டாரு. மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு. நான் மேசைக்கு அடியில வயரைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன், அண்ணாச்சி என்னைப் பாக்கல. மைக்குப் பக்கத்துல போனாரு. அவ்வளவு பெரிய குரலை எப்படித்தான் அவ்வளவு சின்னதாக்கினாரோ. "சலேத்து, பயப்படாத. நான் இங்கதான் இருக்கேன்." இவ்வளவுதான். அவளுக்கு இருட்டுன்னா பயமாம். கரண்ட் போனா இவரு குரல் கொடுத்துக்கிட்டே இருக்கணுமாம். அதை அவரே பிறகு சொன்னாரு. நான் மேசைக்கு அடியில இருந்து எந்திரிச்சதும் மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. "நீங்க கேட்டுட்டியளா தாயி? வெளிய சொல்லிராதீங்க. பொத்தானை அமுக்கி அவளே கேக்கட்டும்."

சொல்ல மாட்டேன்னேன். நான் சொல்லவும் இல்ல. ஒரு வார்த்தை கொடுத்தா கொடுத்ததுதான்.

இப்ப உங்ககிட்ட சொல்லுதேனேன்னா, நீங்க யாரு எவரு. விருதுநகர்லயோ எங்கயோ இறங்கிப் போகப் போறிய.

அதுக்கு அடுத்த மாசம் தயாபரன் சார் ஜெர்மனிக்குப் போயிட்டாரு. நோட்டீஸ் போர்டுல பாத்துத்தான் எனக்கே தெரியும். ஏர்போர்ட்ல இருந்து ஒரு மெசேஜ் போட்டாரு, எல்லாருக்கும் நன்றின்னு, குரூப்ல, பொதுவா. அவரோட லேப்டாப் என்கிட்ட திரும்பி வந்துச்சு. வந்ததை நல்லாத் துடைச்சு அடுத்தவங்களுக்குக் கொடுக்கணும், அது ரூல். வந்த அன்னைக்கே துடைச்சுட்டேன். மத்த லேப்டாப்னா ரெண்டு மூணு நாள் கிடக்கும். அன்னைக்கு எனக்கு வேலை கம்மி.

அவர் இடத்துக்கு ஹெப்சிபான்னு ஒரு பிள்ளை வந்தா. பாளையங்கோட்டைக்காரி. கெட்டிக்காரிதான், ஆனா ஒரு காரியத்தையும் முறையா வந்து எழுதிக் கேக்க மாட்டா. நடந்துக்கிட்டே பேசுவா.

இதை எப்படி விளங்கச் சொல்ல? எங்க சர்வர்ல ஒவ்வொருத்தர் வேலையும் ஒரு பரண்ல இருக்கும்னு வச்சுக்கோங்க. சாதா பரண் இல்ல. நீங்க ஒரு சாமானை மாத்தினா பழசையும் வச்சிருக்கும், புதுசையும் வச்சிருக்கும். எப்ப வேணும்னாலும் திரும்பிப் போய் எடுக்கலாம். அதை ரெப்போன்னு சொல்லுவோம். சார் பரண்ல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கிளை, தனி அடுக்கு மாதிரி. கஸ்பார் அண்ணாச்சிக்கு ஒரு கிளை. ஹெப்சிபா தனக்கு ஒரு பரண் போட்டா. சார் பரண்ல இருந்ததையெல்லாம் அவ தன் பரணுக்குக் காப்பி எடுத்திருக்கணும். எடுக்கல. இடம் மிச்சம் பிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. "இந்தச் சாமான் பக்கத்துப் பரண்ல இருக்கு, அங்க போய் எடுத்துக்கோ"ன்னு ஒரு சீட்டை மட்டும் எழுதி வச்சுக்கிடலாம். பாக்கிறவங்களுக்கு அவ பரண் நிறைஞ்சு இருக்கும். உள்ள பாதிக்கு மேல சீட்டு.

இதுல இருக்கிற ஆபத்து என்னன்னா, இரவல் வாங்கின பரணுக்குத் தெரியும், தான் யாரை நம்பி இருக்கோம்னு. கொடுத்த பரணுக்கு ஒண்ணும் தெரியாது. அது பாட்டுக்கு இருக்கும். ஒருநாள் அதைச் சுத்தம் பண்ணச் சொன்னா, தன்கிட்ட யாருக்கும் வேண்டாததையெல்லாம் தூக்கிப் போட்டுரும். பக்கத்து வீட்டுக்காரி அதை வச்சுத்தான் உலை வைக்கான்னு அதுக்கு எப்படித் தெரியும்?

அவ என்கிட்ட சொன்னாளாம். வராண்டாவுல. "இடம் பத்தாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னிய, அதான் காப்பி எடுக்கல, சார் ரெப்போவுல இருந்தே எடுத்துக்கிடுதேன், அதை மட்டும் தொடாதீங்க"ன்னு சொன்னாளாம். நான் தலையாட்டினேனாம். தலை ஆடுனா சம்மதமா? பஸ்ல போனாக்கூடத் தலை ஆடத்தான் செய்யும்.

பரணைச் சுத்தம் பண்ணின அன்னைக்குக் காலையில குரூப்ல தயாபரன் சார் கல்யாண போட்டோ வந்துச்சு. பொண்ணு அந்த ஊர்க்காரிதான். சேலை கட்டி விட்டிருக்காவ, பொருந்தல. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சர்வர்ல இடம் குறைஞ்சா எச்சரிக்கை வரும். வந்துச்சு. முந்தின வாரமும் வந்துச்சு, அதுக்கு முந்தியும் வந்துச்சு, ஆனா அன்னைக்குத்தான் எனக்கு நேரம் கிடைச்சுது. போன ஆளோட கிளையெல்லாம் எதுக்கு? ஒவ்வொண்ணா அழிச்சேன். கஸ்பார் அண்ணாச்சி கிளையும் அதுல ஒண்ணு. அந்தக் கிளைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? விசாரணையிலயும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன், "அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது"ன்னு.

கிளையை அழிச்சாலும் உள்ள இருக்கிற சாமான் உடனே போயிராது. சுத்தம் பண்ணச் சொன்னாலும் ரெண்டு வாரம் போல வச்சிருந்துதான் தூக்கிப் போடும், யாராவது மனசு மாறுவாங்கன்னு. வேண்டாம், இப்பவே போடுன்னும் சொல்லலாம். நான் இப்பவே போடுன்னு கொடுத்தேன். எதுக்கு இழுத்தடிக்கணும்? பச்சை விளக்கு வந்துட்டு. காலியான இடத்துல பரீட்சை ஹால் வீடியோவை ஏத்தினேன். அன்னைக்கு மத்தியானம் நல்லாச் சாப்பிட்டேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அண்ணாச்சிக்கு அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிருந்துது.

ஹெப்சிபா ஓடி வந்தா. செருப்புக்கூட இல்ல. "மேடம், திறந்தா ஒண்ணுமே வரமாட்டேங்கு." போய்ப் பாத்தேன். பேரெல்லாம் அப்படியே இருக்கு. இன்ன சொல்லு, இன்ன தேதி, இவ்வளவு நீளம், எல்லாம் இருக்கு. கேட்டா மட்டும் இல்லைங்குது. ஒவ்வொண்ணா அமுக்குதா. இல்லை. அடுத்தது. இல்லை. இல்லை. நிறுத்தும்மான்னேன், நிறுத்தல. அழுதுக்கிட்டே கடைசி வரைக்கும் அமுக்கினா.

பேக்கப் இருக்குல்லான்னு நீங்க கேப்பிய. பிரின்சிபாலும் அதைத்தான் கேட்டாரு. ஹெப்சிபா பரணுக்குத் தவறாம பேக்கப் எடுத்திருக்கேன், நான் அதுல கரெக்ட். திறந்து பாத்தா உள்ள சீட்டுதான் இருக்கு. பக்கத்துப் பரண்ல எடுத்துக்கோங்கிற சீட்டைத்தான் நான் அத்தனை நாளும் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். சார் பரணுக்கு பேக்கப்பை எப்பவோ நிறுத்தியாச்சு. ஆள் போனதுக்கு எதுக்கு? டிஸ்க்கை சென்னைக்கு அனுப்பித் தோண்டிப் பாத்தாங்க. பரீட்சை எழுதுத பிள்ளைகள்தான் வந்தாங்க. சாருக்கு ஹெப்சிபா எழுதிக் கேட்டா. லேப்டாப்ல இருந்துதே, திருப்பிக் கொடுத்துட்டேனேன்னு பதில் போட்டாரு. வடிவு எப்படி இருக்காங்கன்னு அதுலயும் கேக்கல.

கொஞ்சம் தப்பிச்சுது. ஹெப்சிபா வேலைக்குன்னு பரண்ல இருந்து வெளிய எடுத்து வச்சிருந்த பங்கு மட்டும். அவரு சீக்கிரம் வேலைக்குப் போகணுமேன்னு முதல்ல ஏலப் பேச்சை எடுத்திருக்கா. மீனும் எண்ணும் விலையும் முழுசா இருக்கு. வீட்டுப் பேச்சு ஒண்ணுகூட இல்ல. சலேத்துங்கிற பேரு ஒருதடவைகூட இல்ல.

பிரின்சிபால் என்னையும் கூடப் போகச் சொன்னாரு. சங்குமுனை வீட்டுக்கு. அண்ணாச்சி கழுத்துல ஓட்டை, அதுக்கு முன்னால ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அதுவழியா வந்து போகுது, துணி அசையுது. நான் துணியைப் பாக்காம சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஹெப்சிபா போனைக் கொடுத்தா. அண்ணாச்சி அமுக்கினாரு. "சீலா! பாறை! வாளை!"ன்னு வீடே அதிருது. சலேத் அடுப்படியில இருந்து ஓடி வந்தவ, வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டா. சிரிக்காளா அழுதாளான்னு தெரியல. பக்கத்து வீட்டு ஆளெல்லாம் வாசல்ல கூடிட்டு.

அப்புறம் அண்ணாச்சி வீட்டுப் பொத்தானைத் தேடுதாரு. பாவம் ஹெப்சிபா, வெறுமையா விட மனசில்லாம அந்த இடத்துல கம்ப்யூட்டர்ல கிடைக்கிற பொதுக் குரலைப் போட்டு வச்சிருந்தா. சுத்தமான குரல், நியூஸ் வாசிக்கிற மாதிரி. அவரு அமுக்கினாரு. "சலேத்து, சாப்பிட்டியா"ன்னுது.

அவ எந்திரிச்சு சுவத்தோட ஒட்டிக்கிட்டா. "யாரு இது? யாரோ ஒருத்தன் என் பேரைச் சொல்லுதான்." அண்ணாச்சி பதறிப்போய், அது தன் குரல்தான்னு காட்டுறதுக்கு மறுபடியும் அமுக்குதாரு. மறுபடியும் அவன். "நிறுத்தச் சொல்லுங்க, இவிய இல்ல இது, வேற ஆம்பளை வீட்டுக்குள்ள நிக்கான்"னு கத்துதா. ஹெப்சிபா போனை வாங்கி அங்கயே எல்லாத்தையும் எடுத்துட்டா. வீட்டுப் பொத்தான் எல்லாம் காலி. அண்ணாச்சி கை சும்மா அந்த இடத்தைத் தடவிக்கிட்டு இருந்துது.

திரும்பி வரும்போது ஹெப்சிபா ஜீப்ல முன் சீட்டுல போய் உக்காந்துட்டா. அந்த வாரமே வேலையை விட்டுட்டா. அவ முறையா காப்பி எடுத்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா? ஆனா ஆள்கள் யாரைப் பேசுதாவ? என்னைத்தான். விசாரணையில என் மேல தப்பு இல்லன்னு எழுத்துலயே கொடுத்தாச்சு. அப்படியும் நான் கேன்டீனுக்குள்ள போனா பேச்சு நின்னுரும்.

சத்தம் அதுக்கப்புறம்தான். சர்வர் ரூம்ல ஃபேன் எப்பவும் ஓடும். அந்த இரைச்சலுக்கு உள்ள, தூரத்துல, ஒரு ஆள் மைக்குகிட்ட குனிஞ்சு பேசுத மாதிரி. என்ன சொல்லுதாருன்னு எனக்குத் தெரியும்லா, அதனால அப்படிக் கேக்கு. ஃபேனை நிறுத்த முடியாது, சூடாயிரும்.

சனிக்கிழமை சனிக்கிழமை சங்குமுனைக்குப் போக ஆரம்பிச்சேன். மீன் வாங்கத்தான். எங்க வீட்டுல மீன் சமைக்கிறது இல்ல, நான் சுத்த சைவம், கீழ வீட்டுக்காரங்களுக்கு வாங்கிக் கொடுப்பேன். ஏலக்கூடத்துல தூண் ஓரமா நிப்பேன். அண்ணாச்சி போனோட ஒரு ஸ்பீக்கரை இடுப்புல கட்டியிருப்பாரு. விரல் பறக்கும். குரல் முந்தி மாதிரியே. ஆள் வாய் மட்டும் மூடி இருக்கும். முதல்ல பயந்த ஆள்களெல்லாம் பழகிட்டாவ.

சலேத் சாப்பாடு கொண்டு வருவா. தூரத்துல அவ தலை தெரிஞ்சதும் அவரு ஒரு பொத்தானை அமுக்குவாரு. "சாளை!" சாளை மீன் இருக்குல்லா, அது. அவ பேருக்குக் கிட்டத்துல வாரது அது ஒண்ணுதான் மிச்சம். "சாளை! சாளை!" எல்லாரும் சிரிப்பாவ. அவளும் சிரிச்சுக்கிட்டே வருவா. ஆனா அது ஏலத்துக்குக் கூவினதும்மா. ஒரே மாதிரிதான் வரும். கோவமா, செல்லமா, தூக்கத்துல எழுப்புத மாதிரியா, ஒண்ணும் கிடையாது. எப்பக் கூப்பிட்டாலும் விக்கிற குரல்தான்.

போன சனிக்கிழமை ஏலம் முடிஞ்சிட்டு. ஆள்கள் முக்காவாசி கலைஞ்சாச்சு. நான் கிளம்பப் போனேன், சலேத் நேரே என்கிட்ட வந்தா.

"யக்கா, நீங்க அந்தக் காலேஜ்ல உள்ளவியதானே? அன்னைக்கு வீட்டுக்கு வந்திய. அதுக்கு முன்னாலயும் பாத்திருக்கேன். நான் வெளிய பெஞ்சுல இருக்கையில நீங்க வயரைத் தூக்கிக்கிட்டு உள்ள போனிய."

ஆமான்னேன். அது உண்மைதானே.

"அந்த ரூம்ல எனக்குன்னு இவிய என்ன சொன்னாவ யக்கா? கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிடுதாவ. எழுதிக் காட்டுங்கன்னு பேனாவைக் கொடுத்தா கீழ வச்சிருதாவ. குரல்தான் போயிட்டு, போகட்டும். என்ன சொன்னாவன்னு மட்டும் தெரிஞ்சா போதும். கரண்ட் போனா நான் அதை நினைச்சுக்கிட்டு இருப்பேன்லா. உங்களுக்குத் தெரியுமா?"

அவளுக்குப் பின்னால அண்ணாச்சி நிக்காரு. என்னைத்தான் பாக்காரு. வெளிய சொல்லிராதீங்கன்னு அன்னைக்குக் கும்பிட்ட ஆள், இப்பத் தலையை லேசா அசைச்சாரு. சொல்லுன்னு. அப்படித்தான் எனக்குத் தோணிச்சு.

தெரியும்னு சொன்னா என்ன ஆகும், யோசிங்க. அதில் என்ன இருந்ததுன்னு தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவ நான். இவகிட்ட தெரியும்னு சொல்லி, இவ ஊர் முழுக்கச் சொல்லி, அது ஹெப்சிபா காதுக்குப் போயி... அதுவும் இல்லாம நான் வாக்குக் கொடுத்தவ.

"எனக்கு என்னம்மா தெரியும்? நான் வயர் மாட்டுதவ"ன்னேன்.

சலேத் நின்ன இடத்துலயே நின்னா. அப்பத்தான் அண்ணாச்சி போனைத் தூக்கினாரு.

"ஒரு தரம்!"

கூடமே திரும்பிப் பாக்கு. தரையில ஒரு மீன் இல்ல, இவரு எதை ஏலம் விடுதாருன்னு. என் முகத்துல இருந்து அவரு கண்ணை எடுக்கல.

"ரெண்டு தரம்!"

ஏலத்துல எதுக்கு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல கொஞ்சம் நிறுத்துவாங்க? கேக்க நினைக்கிறவன் கேட்டுக்கட்டும்னுதானே. மூணாவது பொத்தான் அதுக்கு அடுத்தாப்புல இருக்கு. அது அழியல. எனக்கு நல்லாத் தெரியும், அந்த போன்ல ஏலப் பேச்சை ஏத்திக் கொடுத்ததே நான்தான். கட்டைவிரலை அதுக்கு மேல கொண்டு போய் வச்சாரு. வச்சுக்கிட்டு என்னைப் பாக்காரு. சலேத் என் வாயைப் பாக்கா.

நான் வாயைத் திறந்தேன்னுதான் நினைக்கேன். ஒண்ணும் வரலம்மா. எங்கிட்ட எல்லாம் இருக்கு, அந்தக் குரல், அந்த அளவு, மூச்சு விட்ட இடம்கூட இருக்கு. கேட்டா மட்டும் இல்லைங்குது.

கூடத்தைக் கழுவ ஆரம்பிச்சாவ. செதிலும் ரத்தமுமா தண்ணி என் செருப்புக்கு அடியில வந்து போச்சு. அவரு கட்டைவிரலை எடுக்கவும் இல்ல, அமுக்கவும் இல்ல.